கரை ஒதுங்குற தெர்மாகோலை திரும்ப கடல்ல தள்ளாதீங்க

எண்ணூர்ல இருந்து பழவேற்காடு வரைக்கும் இருக்குற எல்லா மீனவர் சங்கத்து பெரியவங்களுக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

போன வாரம் கரையில நீலக்கயிறு சுத்துன ஒரு தெர்மாகோல் கட்டி கிடந்துச்சு, யார் வலை மிதப்போ தெரியல, புரட்டிப் பார்த்தா அடிப்பக்கம் பூரா கொட்டலசு, அதான் படகு அடியிலயும் பாறையிலயும் ஒட்டிக்கிற சின்ன ஓட்டு உயிர். பக்கெட்ல கடல் தண்ணி மொண்டு அதுல போட்டேன், கொஞ்ச நேரத்துல ஒவ்வொண்ணா வாயைத் திறந்து சின்ன இறகு மாதிரி வெளிய நீட்டி வீச ஆரம்பிச்சிடுச்சு, அத்தனையும் உயிரோட இருக்கு. பக்கத்துல நின்ன பசங்க "தள்ளி விட்ருண்ணே, போயிடும்"னாங்க. நாம எல்லாரும் அதைத்தானே செய்றோம்?

எங்க போகும்னு யோசிங்க. 2011 மார்ச் சுனாமியில ஜப்பான் மிசாவா துறைமுகத்துல படகு கட்டுற ஒரு மிதவை மேடை, சுமார் 20 மீட்டர் நீளம், பிச்சிக்கிட்டு போய் 15 மாசம் பசிபிக்ல மிதந்து 2012 ஜூன்ல அமெரிக்காவுல ஓரிகன் கரையில ஏறுச்சு, ஜப்பான் பாசி, நண்டு, நட்சத்திர மீன் எல்லாம் உயிரோட. அந்த ஊர்க்காரங்க அதை சுரண்டி எடுத்து அலை ஏறாத மேட்டுல புதைச்சாங்க, மேடையை நெருப்பால கருக்குனாங்க. 2017 வரைக்கும் அந்த சுனாமி குப்பையில உயிரோட வந்து சேர்ந்தது மட்டும் 289 வகை. மரக்கட்டையா இருந்தா புழு அரிச்சு சில வருஷத்துல கரைஞ்சிடும், தெர்மாகோலும் ஃபைபரும் நைலானும் அப்படி இல்லையே, அதான் இவ்ளோ தூரம் சுமந்துட்டு போகுது.

காக்கா ஆழிங்குற அந்த வெளிநாட்டு சிப்பி பத்தி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அது கப்பல்ல வந்ததுன்னுதான் சொல்றாங்க, குப்பையில இல்ல, ஆனா வந்த பிறகு சேத்துத் தரையில பாய் விரிச்ச மாதிரி மூடி, கையால இறால் தடவுற அக்காமாரு பொழப்பையே கெடுத்துடுச்சு. கயிறு மிதப்பு எதுலயும் நூல் விட்டு ஒட்டிக்கிற ஜாதி அது. நாம அறுத்து விட்ட மிதப்பு ஒண்ணு வேற முகத்துவாரத்துல போய் ஒதுங்குனா அங்க இருக்குற மட்டிக்கும் இறாலுக்கும் இதே கதிதான் வரும்.

அடுத்த சங்கக் கூட்டத்துல இதைப் பேசுங்க. அறுந்த மிதப்பு, பழைய வலை எதையும் கடல்ல விடாம கரைக்கு கொண்டு வரணும், ஒதுங்குனதை மேட்டுக்கு இழுத்து சுரண்டி குழியில போடணும், பழக்கமில்லாத சிப்பி ஏதாவது கண்ணுல பட்டா போட்டோ எடுத்து மீன்வளத்துறைக்கு அனுப்பணும். சுரண்டுற கத்தி என்கிட்ட ரெண்டு இருக்கு, எந்த ஊர்ல கூப்பிட்டாலும் ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுறேன்.