ஈஹன் ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் வடமேற்கே கம்ப்ரியாவில் ஈஹன் ஆற்றோரம் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கும், அங்கே தூண்டில் போடுபவர்களுக்கும், குடிநீர் நிறுவனத்தாருக்கும், இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அதிகாரிகளுக்கும் வணக்கம்.

என்னர்டேல் ஏரியிலிருந்து புறப்படும் உங்கள் ஆற்றில்தான் இங்கிலாந்திலேயே பெரிய நன்னீர் முத்துச்சிப்பிக் கூட்டம் இருக்கிறது. லட்சக்கணக்கில் கிடக்கின்றனவே, அப்புறம் என்ன கவலை என்று தோன்றலாம். கிடப்பவற்றில் பெரும்பாலானவை வயதானவை. நூறு வருடம்கூட வாழக்கூடிய உயிர் இது. அதனால் குஞ்சே பிழைக்காத ஆறும் பல பத்தாண்டுகளுக்கு நிறைந்தே தெரியும். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

உங்கள் எல்லாரையும் ஒரே மடலில் கூப்பிடக் காரணம், இந்தச் சிப்பி வளரும் விதம். கோடையில் தாய்ச்சிப்பி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய குஞ்சுகளை லட்சக்கணக்கில் நீரில் விடுகிறது. குஞ்சு பிழைக்க வேண்டுமானால் சீக்கிரமே ஓர் இளம் சால்மன் அல்லது ட்ரவுட் மீனின் செவுளில் ஒட்டிக்கொள்ள வேண்டும். குளிர்காலம் முழுக்க அங்கே இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு உதிர்ந்து ஆற்றுச் சரளைக்குள் புதையும். சுமார் 5 ஆண்டுகள் வெளியே தலைகாட்டாது. அந்தக் காலத்தில் கல் இடுக்கை வண்டல் அடைத்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் செத்துவிடும். யார் கண்ணிலும் படாத சாவு அது.

மீனைத் தூண்டில்காரர் மட்டும் காத்தால் போதாது என்பது இதிலேயே தெரிகிறது. சரளையைச் சுத்தமாக வைப்பது கரையோர விவசாயியின் கையில் இருக்கிறது. மாடு ஆற்றுக்குள் இறங்காமல் வேலி போடுவது, சாணக் கழிவும் உரமும் மழையோடு ஆற்றில் கலக்காமல் பார்ப்பது எல்லாம் செலவு பிடிக்கும் வேலைகள். அந்தச் செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அரசும் குடிநீர் நிறுவனமும் பங்கு போட வேண்டும்.

சேர்ந்து நின்றால் நடக்கும் என்பதற்கு உங்கள் ஆறே சாட்சி. வேறு பக்கம் திருப்பிவிடப்பட்டிருந்த பென் கில் ஓடை 2014-இல் மறுபடி ஈஹனோடு சேர்ந்தது, புதுச் சரளையும் வந்தது. 2022-இல் தேர்ல்மியர் ஏரியிலிருந்து குழாய் வந்ததால் என்னர்டேல் ஏரியில் குடிநீருக்காகத் தண்ணீர் எடுப்பதை நிறுத்த முடிந்தது. உண்மையிலேயே பெரிய காரியம்.

விண்டர்மியர் கரையில் நன்னீர் உயிரியல் கழகம் 2007 முதல் சிப்பிக் குஞ்சுகளை வளர்த்து வருகிறது. அந்த வேலையை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தொட்டியில் வளர்ந்த குஞ்சைக் கொண்டுவந்து விடும் நாளில் சரளை வண்டலாகவே கிடந்தால் என்ன பயன்?

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான்கு தரப்பும் ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றங்கரையிலேயே கூடுங்கள். அந்த ஆண்டு சரளைக்குள் எத்தனை இளஞ்சிப்பிகள் கிடைத்தன என்பதை ஊரறியச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.