வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: இளையோர் அலமாரியும் நூல் தடையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர், இளம் வாசகர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் வாசகர் வட்டத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. இருப்புப் பதிவேடு சரிபார்க்கப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கக் காரணம் உண்டு. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தையும் சிந்தனையையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது, நம் நூலகத்தின் இளையோர் பிரிவிலுள்ள நாவல் ஒன்றை அகற்றக் கோரிப் பெற்றோர் சிலர் கையெழுத்திட்டு அளித்த மனுதான்.

அந்த மனு பிள்ளைகள்மீதுள்ள அக்கறையால் எழுதப்பட்டது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையை ஒரு சிறுமியே சொல்வதாக அமைந்த அந்த நாவல் பதின்ம வயதினரின் மனத்தைக் குலைத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் மனுவோடு இணைக்கப்பட்டிருந்தவை நாவலின் இரண்டு பக்கங்கள் மட்டுமே. ஆகவே செயற்குழுவினர் ஒவ்வொருவரும் நூலை முழுமையாகப் படித்த பிறகே விவாதிப்பது என்றும், அதுவரை நூல் அடுக்கிலேயே இருக்கட்டும் என்றும் முடிவெடுத்தோம். விசாரிக்கும் முன்பே நூலை எடுத்து உள்ளே வைத்தால், விசாரணைக்கு என்ன பொருள் இருக்கும்?

நூல் அடுக்கில்தான் இருந்தது. ஆயினும் அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில், மனு வந்த வாரம்வரை நெருக்கமாக விழுந்திருந்த முத்திரைகள் அதன்பின் நின்றுபோயிருந்தன. எவரும் தடுக்கவில்லை, பேச்சு பரவியிருந்தது, அவ்வளவுதான். அந்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகரின் மேசைக்கு வரவே இளையோர் கூசினார்கள். பள்ளி மாணவி ஒருவர் அலமாரியின் மறைவில் நின்றபடியே சில பக்கங்களைப் படித்துவிட்டு, நூலை மற்ற நூல்களுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவதை நூலகர் பலமுறை பார்த்திருக்கிறார். தடையாணை எதுவும் பிறக்காமலேயே ஒரு பிள்ளை தன் வாசிப்பை ஒளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மனத்தை உலுக்கும் ஒரு கதையைப் படித்த பிள்ளைக்கு அதைப் பற்றிப் பேச ஒரு பெரியவர் தேவை. ஒளித்துப் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. பாதுகாப்பதற்காக எழுந்த முயற்சி அந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டது என்பதுதான் இவ்வாண்டில் என்னை மிகவும் வருத்திய செய்தி.

இதையொட்டி நூல் தடையைப் பற்றியே சில கூட்டங்கள் நடத்தினோம். பாரதியார் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1928இல், சென்னை மாகாண அரசு அவருடைய தேசியப் பாடல் தொகுப்புகளைப் பறிமுதல் செய்ததும், அதைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எதிர்த்து முழங்கியதும் பேசப்பட்டன. அன்று அரசு அஞ்சிய அந்தப் பாடல்களைத்தான் இன்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை அகற்றிய ஒரு கல்வி வாரியத்தின்மீது மாணவர்களே வழக்குத் தொடுத்ததும், 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தபோதும், அம்மாணவர்களின் பக்கம் நின்றதும் நம் இளம் உறுப்பினர்களைப் பெரிதும் ஈர்த்தன. ஒரு நூலின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதை நூலகத்திலிருந்து நீக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் மையக் கருத்து. அதே நாட்டில் 2023-24 கல்வியாண்டில் மட்டும் பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட நூல் தடை நிகழ்வுகளை, எழுத்துரிமைக்காகக் குரல் கொடுக்கும் பென் அமெரிக்கா அமைப்பு பதிவு செய்திருக்கிறது.

தடை செய்தால் நூல் இன்னும் அதிகமாக விற்கும், ஆகவே கவலை வேண்டாம் என்று உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். அது ஓரளவு உண்மை. யூத இனப்படுகொலையைச் சொல்லும் சித்திரக்கதை ஒன்றை 2022இல் டென்னசி மாநிலத்திலுள்ள உள்ளூர்க் கல்வி வாரியம் ஒன்று பாடத்திட்டத்திலிருந்து நீக்கியதும், அது விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்குச் சென்றது. ஆனால் ஏற்கெனவே புகழ்பெற்ற நூலுக்குத்தான் இந்த வாய்ப்பு கிடைக்கிறது. மேலும், கடைக்குப் போய் அதை வாங்குபவர் பெரியவர். கையில் பணமில்லாமல் நூலகத்தை மட்டுமே நம்பியிருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அடுக்கில் இல்லாத நூல் உலகிலேயே இல்லாத நூல்தான்.

மனு அளித்தோரின் அச்சத்துக்கும் உரிய இடம் தந்தோம். டெக்சாஸில் 12 முதல் 18 வயதுவரையிலான 282 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு, சர்ச்சைக்குள்ளான நூல்களைப் படிப்பதற்கும் மதிப்பெண் குறைவதற்கும் குற்றச் செயல்களுக்கும் தொடர்பைக் காணவில்லை. அந்நூல்களைப் படித்தோரிடம் சமூக அக்கறை கூடுதலாக இருந்ததைக் கண்டது. அதே ஆய்வு, அத்தகைய நூல்களை மிகுதியாகப் படித்த ஒரு சிறு பிரிவினரிடம் மனநலச் சிக்கலின் அறிகுறிகள் இருந்ததையும் சொல்கிறது. படித்ததால் வந்ததா, துயரத்திலிருந்த பிள்ளைகள் அத்தகைய நூலைத் தேடினார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எப்படியாயினும் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை பேச்சுத் துணை என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் பொதுக்குழு அறிய வேண்டும். மனுவுக்குப் பின் கூடிய நூல் தேர்வுக் கூட்டத்தில், பதிப்பகப் பட்டியலிலிருந்த ஒரு நல்ல நூலைக் குறித்து, “இதை வாங்கினால் மறுபடி மனு வரும், விட்டுவிடலாம்” என்று தயக்கம் எழுந்தது. விவாதித்து அந்நூலை வாங்கினோம். ஆனால் வாங்கப்படாமலே போகும் நூலுக்கு மனுவோ பதிவேடோ கிடையாது. இளையோர் அதற்காக வழக்காடவும் முடியாது. வெளிப்படையான தடையைவிட இதற்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நாவல் இளையோர் பிரிவிலேயே தொடரும் என்று செயற்குழு முடிவெடுத்து, காரணங்களை மனு அளித்தோருக்கு எழுத்தில் தெரிவித்தது. தம் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அதைத் தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை என்று அதில் குறிப்பிட்டோம். பின்னர் நடந்த வாசிப்பு அமர்வில் பெற்றோரும் இளையோரும் ஒன்றாக அமர்ந்து அந்நாவலைப் பற்றிப் பேசினார்கள். மனு அளித்தோருள் சிலர் இன்னும் மாறுபட்ட கருத்தோடு இருக்கிறார்கள். அவர்களும் உறுப்பினர்களாகத் தொடர்வது எனக்கு மகிழ்ச்சி. தேதிச் சீட்டில் மீண்டும் முத்திரைகள் விழுகின்றன.

தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், தகவல்களைத் தேடிப் பெறவும் குழந்தைகளுக்குள்ள உரிமையை, 1989இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12, 13ஆம் பிரிவுகள் உறுதிசெய்கின்றன. அதன் அடிப்படையில் செயற்குழு ஒரு விதித்திருத்தத்தை முன்மொழிகிறது. நூலை எதிர்ப்பவர் அதை முழுமையாகப் படித்திருக்க வேண்டும். முடிவு வரும்வரை நூல் அடுக்கிலேயே இருக்க வேண்டும். இளையோர் இருவர் நூல் தேர்வுக் குழுவில் வாக்குரிமையோடு இடம்பெற வேண்டும். திருத்தத்தின் நகல் உங்கள் கையில் தரப்பட்டுள்ளது. அதன்மீது விவாதித்து முடிவெடுக்குமாறும், இவ்வறிக்கையை ஏற்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்