முடிவைப் படித்துவிட்டுத் தொடக்கத்தை நிராகரிக்காதீர்கள்: காப்பீட்டு மறுஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் காப்பீட்டு மறுஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். சிறுநீர்த் தொற்று, தோல் தொற்று, நிமோனியா போன்றவற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் கோரிக்கைகளை, 'வெளிநோயாளியாகவே சிகிச்சை அளித்திருக்கலாம்' என்ற ஒற்றை வரியில் நீங்கள் நிராகரிப்பது குறித்து எழுதுகிறேன். தேவையில்லாத சேர்க்கைகளும் நடக்கின்றன என்பது மருத்துவர்களாகிய எங்களுக்கும் தெரியும். ஆகவே நீங்கள் கேள்வி கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. எந்தத் தாளைப் படித்துவிட்டு முடிவெடுக்கிறீர்கள் என்பதில்தான் மறுப்பு.

நீங்கள் படிக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது நோயாளி வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம், நடந்ததெல்லாம் தெரிந்தபின் எழுதப்படுவது. காய்ச்சல் தணிந்தது, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) கிருமி வளரவில்லை, மாத்திரையுடன் வீடு திரும்பினார் என்று அதில் படிக்கும் எவருக்கும் அது ஆரம்பத்திலிருந்தே சிறு தொற்றாகத்தான் தோன்றும். சேர்த்த இரவில் மருத்துவரிடம் அந்தத் தாள் இல்லை. இரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்கிறதா என்பது தெரியவே பெரும்பாலும் ஓரிரு நாள் ஆகும்; வளரவில்லை என்று உறுதிசெய்ய வழக்கமாக 5 நாள் வரை காத்திருக்கிறார்கள்.

நீரிழிவு உள்ள ஒருவர் கணுக்காலில் சிவப்பும் வீக்கமுமாக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு வைக்கிறோம். சில மணி நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி மேலே ஏறுகிறது. வாந்தியால் மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை. இது தோலோடு நிற்கும் தொற்றா, ஆழத்தில் தசையுறையை அழிக்கத் தொடங்கிவிட்ட தொற்றா என்பதை அந்த நேரத்தில் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இரத்தக்குழாய் வழி ஏற்றிய மருந்தில் சிவப்பு வடிந்து அவர் நடந்து வீடு சென்றால், சேர்த்தது பயன் தந்தது என்று பொருள். உங்கள் கடிதமோ அதையே சேர்க்கை தேவைப்படாததற்குச் சான்றாக்கிவிடுகிறது.

'அதிகக் காய்ச்சல் பதிவாகவில்லை' என்ற காரணத்தையும் தயவுசெய்து கைவிடுங்கள். முதியவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல், மனக்குழப்பம் மட்டுமே தலைகாட்டுவதுண்டு. நிமோனியாவின் தீவிரத்தை மதிப்பிடும் கர்ப்-65 முறையில் மனக்குழப்பம், இரத்த யூரியா, மூச்சின் வேகம், இரத்த அழுத்தம், வயது 65 அல்லது அதற்கு மேலா என்பது ஆகிய ஐந்தைத்தான் பார்க்கிறோம்; உடல் வெப்பம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எனவே, அவசரப் பிரிவின் முதல் குறிப்பையும் செவிலியர் எழுதிய நாடித்துடிப்பு, இரத்த அழுத்த அட்டவணையையும் வரவழைத்துப் படித்த பிறகே முடிவெடுங்கள். நிராகரிக்குமுன் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் ஒருமுறை பேசுங்கள். நிராகரித்தால், எந்தக் குறிப்பின் அடிப்படையில் என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். மேல்முறையீட்டை, முதலில் நிராகரித்த உங்கள் மருத்துவரிடமே திருப்பி அனுப்பாமல், வேறொருவர் ஆராயச் செய்யுங்கள். சேர்க்கைக் குறிப்பில் 'காய்ச்சல், ஊசி மருந்து' என்று மட்டும் கிறுக்கிவிட்டுப் போகும் மருத்துவர்களிடம் (அப்படியும் இருக்கிறார்கள்) விளக்கம் கேளுங்கள். அந்தக் குறையை நோயாளியின் தலையில் கட்டாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைத்து ஏற்கெனவே நிராகரித்த கோரிக்கைகளையும், நோயாளிகள் மீண்டும் மனுப் போடும்வரை காத்திராமல், நீங்களாகவே திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்