பதினோராம் நாள் வரை யாருக்கும் தோன்றவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநோய் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனநல மருத்துவரிடம் போகத் தயங்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லியிருந்தது நல்ல விஷயம். அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மனம் பேதலித்தது போலத் தெரிகிற சில நோய்களுக்கு வேர், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியில் இருக்கிறது. என் தங்கைக்கு அப்படித்தான் இருந்தது.

அவளுக்கு அப்போது 19 வயது. முதலில் இரண்டு நாள் காய்ச்சல், தலைவலி. எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். அப்புறம் தூக்கம் போனது. ஒருநாள் நடுராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நீ நிஜமாவே என் அக்காதானா?" என்று கேட்டாள். என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள். ஒரு வாரத்துக்குள், சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று கத்த ஆரம்பித்தாள். மனநலப் பிரிவில் சேர்த்தோம். தேர்வு பயம் என்றார்கள் சிலர், காதல் விவகாரமாக இருக்கும் என்றார்கள் சிலர். நாங்களும் காரணம் தேடி அவளுடைய நோட்டுகளையும் போனையும் புரட்டினோம். நோயில் கிடந்த பெண்ணைச் சந்தேகப்பட்டது இன்றும் உறுத்துகிறது.

பதினோராம் நாள், வாயில் ஒன்றுமே இல்லாமல் மென்றுகொண்டே இருந்தாள். கையைத் தூக்கிவிட்டால் அது அந்தரத்திலேயே நின்றது. பணியில் இருந்த இளம் மருத்துவர் வெகுநேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நரம்பியல் மருத்துவரை அழைத்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஈ.ஈ.ஜி.யில் மூளையின் அலைகள் மந்தமாக இருந்தன. முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரைச் சோதித்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது: என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் மூளையழற்சி. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குவதைத்தான் ஆட்டோஇம்யூன் என்கிறார்கள்.

மூளை செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஏற்பிகள் இவை. கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் வழிதவறி இவற்றைப் பற்றிக்கொள்ளும்போது, ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுக் குறைந்துபோகின்றன. ஆன்டிபாடி குறைந்தால் ஏற்பிகள் திரும்பி வரும். ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு இதை அடையாளம் கண்டு அறிவித்தது 2007இல்தான். அதற்கு முன் இப்படி வந்தவர்களில் எத்தனை பேர் வேறு பெயரில் வாழ்நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்தார்களோ!

நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், பெரும்பாலும் இளம் வயதினர். சிலருக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருக்கும். அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் வளர்வதால், அதை எதிர்க்கக் கிளம்பும் ஆன்டிபாடி மூளையையும் தாக்குகிறது. தங்கைக்கும் சின்னதாக ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். பழையபடி ஆக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நோய் கடுமையாக இருந்த ஒரு மாதம் மட்டும் அவள் நினைவில் இல்லவே இல்லை. 577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் சுமார் 80 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள்.

இது ஒன்று மட்டுமல்ல. லூபஸ் என்ற இன்னொரு ஆட்டோஇம்யூன் நோய் மூளையைப் பாதித்தால் மனக்குழப்பமும் பிரமையும் வரலாம். முன்பு ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களில் பலருக்குக் கடும் மனச்சோர்வு வந்தது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து அது.

அதற்காக எல்லா மனநோயும் இப்படி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானவை இப்படி இல்லை. சாப்பிடுகிற மனநல மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. ஆனால் இதுவரை ஒரு குறையும் இல்லாதவர் சில நாட்களிலோ வாரங்களிலோ தலைகீழாக மாறினால், கூடவே காய்ச்சல், வலிப்பு, மறதி, பேச்சுக் குழறல், முகமோ கையோ தானாக அசைவது என்று ஏதாவது இருந்தால், நரம்பியல் மருத்துவரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. நோயின் பெயர் தெரிந்ததும் உறவினர் ஒருவர், "நல்லவேளை, பைத்தியம் இல்லை" என்றார். பக்கத்துக் கட்டிலில் வேறொரு பெண், அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இருவருக்கும் அது காதில் விழுந்தது. அவளுக்கு இருந்ததும் நோய்தானே?

மனநல மருத்துவர் ஒருவரையும் நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசி, இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)