நின்னா ஆடுதா, ஓடுனா ஆடுதா?

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு மருமகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீங்கள், அத்தை, அம்மா, ஆச்சி எல்லோரும் நலம்தானே.

போன வாரம் போனில் கார் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் மூன்று தடவை "என்னல, கேக்கல" என்று சொல்லிவிட்டு அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். காது மிஷின் வாங்கி வைத்தும் மாட்டமாட்டேங்காவ என்று அத்தை ஒரு மூச்சுப் புலம்பினாள். ஒர்க் ஷாப்பில் முப்பது வருஷம் சுத்தியல் சத்தம் கேட்ட காது, இனி போனில் என்ன சொன்னாலும் ஏறாது. அதனால் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம்.

இங்கே பஸ்ஸை நம்பி இருக்க முடியாது என்று ஆறு மாதம் முன்னால் பழைய கார் ஒன்று வாங்கினேன் அல்லவா. 2011 மாடல், பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஸ்டியரிங் இடப்பக்கம், ரோட்டிலும் வலப்பக்கம்தான் போக வேண்டும். முதல் மாதம் முழுக்க, திரும்பும்போது இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டிருந்தேன். மழையே இல்லாத ஊரில் வைப்பர் ஆடினால் பின்னால் வருகிறவன் என்ன நினைப்பான்.

வைப்பர் ஆடியது போக, இரண்டு மாதம் முன்னால் காரே ஆடத் தொடங்கியது. சிக்னலில் நின்றால் சீட்டும் ஸ்டியரிங்கும் நடுங்கும். குடியிருப்புப் பக்கம் இருபது, முப்பது வேகத்தில் உருட்டினால் ஸ்டியரிங் மெதுவாக இடமும் வலமும் அசையும். அறுபதைத் தாண்டினால் அவ்வளவாகத் தெரியாது. இதோடு பிக்கப்பும் போய்விட்டது. மலைப்பக்கம் நிஸ்வா என்று ஒரு ஊர், அங்கே போகும் வழியில் ஏற்றம் வரும். மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி போகமாட்டேன் என்கிறது. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். மாஞ்சோலை ஏற்றத்தில் உங்கள் அம்பாசடர் மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது.

இங்குள்ள நண்பர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பங்கில் பெரும்பாலும் ஆக்டேன் எண் 91, 95 என்று இரண்டு பெட்ரோல் இருக்கும். 91 லிட்டர் 229 பைசா, 95 என்றால் 239 பைசா. இந்த ஊரில் ரியாலுக்கு ஆயிரம் பைசா. நம் காசுக்கு ஐம்பது ரூபாய்ச் சொச்சம்தான் ஆகிறது, இதை டவுனில் யாரிடமும் சொல்லாதீர்கள், வயிறு எரியும். 95 போட்டால் பிக்கப் வரும் என்றார்கள். ஒரு மாதம் போட்டேன், ஒன்றும் வரவில்லை. வண்டிப் புத்தகத்தைப் புரட்டினால் 91 போதும் என்றுதான் இருக்கிறது. 91-க்குச் செய்த இஞ்சினில் 95 ஊற்றினால் இஞ்சினுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அப்புறம் ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கியர் பாக்ஸ் போச்சு, மாற்ற 350 ரியால் என்றார். எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல்! பானெட்டைக்கூடத் திறக்கவில்லை மாமா. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி படுத்திருக்கும்போதுதான் வண்ணார்பேட்டை ஷெட் ஞாபகம் வந்தது. வண்டி ஆடுகிறது என்று யார் வந்தாலும் நீங்கள் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டீர்கள். திண்டில் உட்கார்ந்தபடியே "நின்னா ஆடுதா, ஓடுனா ஆடுதா?" என்று கேட்பீர்கள். ரெண்டும்தான் என்று சொன்னால், "அப்ப ரெண்டு நோவுடே, ஒண்ணுன்னு நெனைக்காத" என்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு லீவில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். என் கார் நின்றாலும் ஆடுகிறது, ஓடினாலும் ஆடுகிறது. கியர் பாக்ஸ்காரர் அதை ஒரே நோவாக ஆக்கிவிட்டார்.

மறு வெள்ளிக்கிழமை விடியற்காலை, ரோடு காலியாக இருக்கும்போது தொடங்கினேன். முதலில் நிற்கிற ஆட்டம். பிரேக்கை அழுத்திக்கொண்டு கியரை டிரைவில் வைத்தேன், நடுக்கம். நியூட்ரலில் போட்டேன், குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஏசியை நிறுத்தினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. நியூட்ரலிலேயே லேசாக ரேஸ் கொடுத்தேன், வழுவழுவென்று ஆகிவிட்டது. அதாவது வண்டி நிற்க, இஞ்சின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் பெட்ரோல் சரியாக எரியாமல் இஞ்சினே மிஸ்ஸிங் அடிக்கிறது. கியரில் போட்டதும் அந்த நடுக்கம் அதிகமாகத் தெரிகிறது என்றால், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய மவுண்டிங்கும் சரியில்லை.

அடுத்தது ஓடுகிற ஆட்டம். ஆள் இல்லாத நேர் ரோட்டில் முப்பதில் போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு உருள விட்டேன். இஞ்சின் தன்பாட்டுக்குச் சும்மா ஓடுகிறது, சக்கரம் தன்பாட்டுக்கு உருளுகிறது. ஸ்டியரிங் அதே மாதிரி ஆடியது. இஞ்சினை விட்டுப் பிரித்த பிறகும் ஆடுகிறதே, அப்புறம் கியர் பாக்ஸ்மேல் எப்படிப் பழி போடுவது? நோவு சக்கரத்தில் இருக்கிறது. பேலன்சிங் கோளாறு என்றால் எண்பது, தொண்ணூறில்தான் தலை காட்டும் என்பீர்கள். இது முப்பதில் ஆடுகிறது. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, முன் இடது சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள்ளங்கையை டயர்மேல் வைத்தேன். ஒரு இடத்தில் கையைத் தூக்கிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது. உள்ளே கம்பிப் பட்டை ரப்பரை விட்டு விலகி, அந்த இடம் வீங்கியிருக்கிறது.

டயர் பட்டன், அதான் மேலே உள்ள ரப்பர் வெட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பித்தான் வாங்கியிருந்தேன். டயர் ஓரத்தில் நாலு எண் அச்சிட்டிருப்பான், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதுவும் சக்கரத்தின் உள்பக்கம் திரும்பியிருந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் 2316. 2016-இல் 23-ஆவது வாரம் செய்தது! இந்த ஊர் வெயிலில் இத்தனை வருஷம் காய்ந்தால் ரப்பர் என்னத்துக்கு ஆகும். விற்றவரைச் சொல்லிப் பிரயோசனமில்லை, நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும். அந்த டயரில் நிஸ்வா ரோட்டில் 120-இல் போயிருக்கிறேன் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். முன்னால் இரண்டையும் அன்றைக்கே மாற்றிவிட்டேன். ஓடுகிற ஆட்டம் அத்தோடு தீர்ந்தது.

நிற்கிற ஆட்டம்தான் ருசியான விஷயம். வாதி கபீர் என்று ஒரு இடம் இருக்கிறது, நெடுக ஒர்க் ஷாப்புகள். அங்கே ஒரு வயசான வங்காளதேசத்து மெக்கானிக். எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை இந்தி, அது போதுமாக இருந்தது. ஸ்கேனரைச் செருகினார். பி 0302 என்று வந்தது, இரண்டாம் சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற பையன் உடனே, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலை மாற்றணும் என்றான். பெரியவர் அவனைப் பார்த்த பார்வை அப்படியே உங்கள் பார்வை.

நாம் அம்பாசடரில் என்ன செய்வோம்? இஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்குவோம். எந்த வயரைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்தது. நான் ஒருதடவை ஷாக் வாங்கி, கையை உதறிக்கொண்டு கிரீஸ் டப்பாமேல் விழுந்தேனே. இந்த இஞ்சினில் வயரே கிடையாது, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். பெரியவர் என்ன செய்தார் தெரியுமா, இரண்டாம் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டிலும் மாட்டினார். ஸ்கேனரில் வந்த அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். காயில் கெட்டிருந்தால் கோளாறு அதோடு சேர்ந்து மூன்றுக்குப் போய் 0303 என்று வர வேண்டும். வந்தது மறுபடி 0302. ஆக காயில்மேல் குற்றமில்லை. பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். எந்த வீட்டில் அழுகை கேட்கிறது என்றுதான் ஸ்கேனர் சொல்கிறது, யார் அடித்தது என்று சொல்வதில்லை.

கழற்றுவதற்கு முன்னால் அவர் இன்னொரு காரியமும் செய்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியை இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.

நாலு பிளக்கும் புதிதாகப் போட்டோம். நாலு பேர் சப்பரம் தூக்கும்போது ஒருத்தன் தோளை எடுத்துவிட்டால் சப்பரமும் ஆடும், நடையும் தளரும். அதுதான் நடந்திருக்கிறது. பழைய பிளக்கை எமரி தாளில் தேய்த்துத் திரும்பப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். இது இரிடியம் பிளக், முனை ஊசி மாதிரி இருக்கிறது, தேய்த்தால் போய்விடும். உங்கள் வித்தையில் இது ஒன்று மட்டும் இங்கே செல்லாது.

மவுண்டிங்கையும் பார்த்தோம். பெரியவர் காருக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்று விரட்டிவிட்டு, பானெட்டைத் திறந்துவைத்து, என்னைப் பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றச் சொன்னார். இஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. வலப்பக்க மவுண்டிங்கில் ரப்பருக்குள் எண்ணெய் இருக்கும். அது எப்போதோ வடிந்து கருப்பாகக் காய்ந்திருந்தது. மாற்றியதும் சிக்னலில் நின்றால் இஞ்சின் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்றே சந்தேகம் வருகிறது.

ஆனாலும் பிக்கப் முக்கால்வாசிதான் திரும்பியது. ஏர் பில்டரைத் திறந்தால், திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் உருட்டி எடுத்தது போல இருக்கிறது. இந்த ஊர் மண் அவ்வளவு சிவப்பில்லை, ஆனால் மாவு மாதிரி பொடி. காற்றே உள்ளே போகாமல் இஞ்சின் எப்படி இழுக்கும்? பில்டரை மாற்றினோம். அதைத் தாண்டி, உள்ளே போகும் காற்றை அளக்க மயிரிழைக் கம்பியோடு ஒரு சென்ஸார் இருக்கிறது. அதில் தூசி படிந்தால் கணக்குத் தப்பி, பெட்ரோலும் தப்பாகப் போகும். அதற்கென்றே விற்கிற ஸ்ப்ரேயை மட்டும் அடித்துக் காய விட வேண்டும், விரலோ துணியோ படக்கூடாது. இஞ்சினுக்குள் காற்றை விடுகிற த்ராட்டில் வாயிலும் கரி அப்பியிருந்தது, துடைத்தோம். ஓடி வந்ததும் நாலு ரிம்மையும் தொட்டுப் பார், எது சுடுகிறதோ அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பீர்களே, அதையும் பார்த்தேன். மஸ்கட்டில் பகலில் தொட்டால் நாலும் சுடும். அதிகாலையில் பார்த்தேன், நாலும் ஒரே மாதிரிதான் இருந்தன.

எல்லாம் சேர்த்து, டயர் உட்பட, 90 ரியாலுக்குள் முடிந்தது. பெரியவர் கூலியாகக் கேட்டது 12. நான் 15 கொடுத்தேன், மூன்றைத் திருப்பித் தந்துவிட்டார்.

போன வெள்ளி மறுபடி நிஸ்வா போனேன். அதே ஏற்றத்தில் ஏசியைக்கூட நிறுத்தவில்லை. நிஸ்வாவில் பலஜ் தாரிஸ் என்று ஒரு பழைய வாய்க்கால், 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஐந்தில் ஒன்று. மொட்டை மலைக்கு நடுவில் பேரீச்சைத் தோப்பு, அதற்குள் தண்ணீர் ஓடுகிறது. ஊருக்குள் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள், இன்னாருக்கு இத்தனை நேரம் என்று. பாளையங்கால்வாயில் மடை திறக்க நம் தாத்தா ராத்திரி லாந்தரோடு போய்க் காத்திருந்த கதையை நினைத்துக்கொண்டேன். காலை நனைத்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் மேலே ஜபல் அக்தர் மலை இருக்கிறது. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில்லாமல் போலீஸ் செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள், மணிமுத்தாறு செக்போஸ்ட் மாதிரிதான்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இடப்பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பி மிதித்தால் முன்னாலிருந்து "டக் டக் டக்" என்று வருகிறது. நேராகப் போனால் இல்லை, வலப்பக்கம் ஒடித்தாலும் இல்லை. வேகத்தோடு சேர்ந்து டக்கும் வேகமாகிறது. புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு ஊகம் உண்டு, ஆக்சில் ஜாயிண்ட் என்று. ஆனால் எந்தப் பக்கத்து ஜாயிண்ட் என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் எழுதுகிற வரைக்கும் ஸ்பேனரைத் தொடமாட்டேன், பெரியவரிடமும் போகமாட்டேன்.

அத்தைக்குக் காது மிஷின் பேட்டரி நாலு அட்டை அடுத்த வாரம் வருகிற பையனிடம் கொடுத்துவிடுகிறேன். உங்களுக்குத்தான், ஆனால் அத்தை கையில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்