எலுமிச்சம்பழம் உருளும் புது வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் வீடு வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, நைட் டியூட்டி முடிந்து வந்து ஒரே மூச்சில் படித்தேன். ‘யார்க் போன்ற பழைய ஊர்களில் பழைய வீட்டை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். புது வீடென்றால் 10 வருடத்துக்கு ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை’ என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். ஆணி விஷயத்தில் அவர் சொல்வது முழுக்க உண்மை. யார்க்கில் நாங்கள் வாங்கிய புது வீட்டில் ஆணி அடிக்கவே முடியாது. முருகன் படம் மாட்ட ஒன்று அடித்தேன். சுவர் என்று நான் நினைத்தது அட்டை, அதற்குப் பின்னால் வெறும் காற்று. ஆணி உள்ளே விழுந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது. முருகன் தரையில் சாய்ந்து நிற்கிறார்.

புது வீட்டுக்குத் தருகிற அந்த 10 வருட உத்தரவாதத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் 2 வருடம்தான் கட்டியவர் பொறுப்பு. மீதி 8 வருடமும் அஸ்திவாரம், கூரை மாதிரி பெரிய கட்டுமானக் கோளாறுகளுக்கு மட்டும். 3ஆம் வருடம் கதவு மூடவில்லை, குழாய் ஒழுகுகிறது என்றால் அது நம் தலையெழுத்து. இதையெல்லாம் நீங்கள் சொல்லித்தானே நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

நான் ஒரு மேஸ்திரியின் மகள். கும்பகோணத்தில் அப்பா தூக்குக்குண்டு பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கிரகப்பிரவேசத்துக்கு அவரை வரவழைத்திருந்தேன். பால் காய்ச்சியாயிற்று. சமையலறை மூலையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். அது மெதுவாகக் கிளம்பி, மேசைக்கு அடியில் புகுந்து, ஹாலைத் தாண்டி, வாசற்படியில் போய் நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழத்தை எடுத்து வந்து திரும்ப அதே மூலையில் வைத்தார். அது திரும்பவும் கிளம்பியது. “ரசமட்டம்னு ஒண்ணு இந்த ஊர்ல விக்கிறதில்லையாம்மா?” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை வீட்டுக்கடன் கையெழுத்துப் போட்ட நாளில்கூட வரவில்லை.

இத்தனைக்கும் இதே மனையில் ரசமட்டத்தைவிட நுணுக்கமான வேலை நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். கி.பி. 71இல் ரோமானியர்கள் கோட்டை கட்டிக் குடியேறிய ஊர் இது. எங்கே தோண்டினாலும் ஏதாவது வரும். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தபோது, அஸ்திவாரம் போடுமுன் தொல்லியல்காரர்கள் வந்து வாரக்கணக்கில் குழியில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளங்கையளவு பானைத் துண்டுக்கு ஒருவர் அரை நாள் பிரஷ் போட்டார். அவர்கள் கிளம்பியதும் கட்டுகிறவர்கள் வந்தார்கள். உடைந்த பானைக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசி எங்கள் குளியலறைத் தரைக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. ஷாம்பிள்ஸ் தெருவில் சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகளைப் பார்க்க உலகமே வருகிறதே என்று வீடு கட்டிய கம்பெனி ஆளிடம் சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

விளம்பரத் தாளில் ‘மின்ஸ்டர் தெரியும்’ என்று போட்டிருந்தது. தெரியும். மாடிக் குளியலறையில் டாய்லெட் மூடி மேல் ஏறி நின்றால் அந்தப் பேராலயத்தின் நடுக்கோபுர உச்சி தெரியும்.

அப்புறம் தெரு. குடிவந்து இரண்டாம் குளிர்காலம். தெருவுக்கு இன்னும் மேல் தார் போடவில்லை. சாக்கடை மூடிகள் இரண்டு அங்குலம் தலைதூக்கி நிற்கின்றன, கார் டயர் போனது ஒருமுறை, என் கணுக்கால் போனது ஒருமுறை. இங்கே நகராட்சி மாதிரியான கவுன்சிலுக்குப் போன் செய்தால் ‘அது இன்னும் எங்கள் தெரு இல்லை’ என்கிறார்கள். கவுன்சில் டாக்ஸ் மட்டும் முழுசாக எங்களுடையது. புல்வெட்ட, விளக்கு பார்க்க என்று மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு வருடம் 290 பவுண்டு தனியாக. ஃப்ரீஹோல்டு வீடு, நிலம் நமக்கே சொந்தம் என்று மாமியாரிடம் பெருமையடித்தவள் நான். இது எனக்கு மட்டும் நேர்ந்ததென்று தள்ளிவிடாதீர்கள். இந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், 2021-22இல் 11 பெரிய கட்டுமான நிறுவனங்கள் விற்ற புது வீடுகளில் 80 சதவீதத்துக்கு இந்தக் கட்டணம் உண்டு, சராசரி வருடத்துக்கு 350 பவுண்டு என்று இருக்கிறது. கட்டுரையாளர் அதைப் புரட்டியிருக்கலாம்.

வெள்ளத்துக்குப் பயந்தால் புது வீடு வாங்குங்கள் என்றும் ஒரு வரி. ஐயா, 2015 டிசம்பரில் ஃபாஸ் ஆறும் ஊஸ் ஆறும் வீடுகளுக்குள் புகுந்த ஊர் இது. வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்குக் காப்பீடு கட்டுப்படியாகக் கிடைக்கட்டும் என்று ‘ஃபிளட் ரீ’ என்றொரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை. பழைய வீட்டுக்காரருக்குக் குடை உண்டு, எங்களுக்கு இல்லை.

ஏன் ஏமாந்தாய் என்று கேட்பீர்கள், நாத்தனாரும் அதைத்தான் கேட்கிறார். ஊரைச் சுற்றிப் பசுமை வளையம், அதில் கட்ட விடமாட்டார்கள். சுமார் 70 வருடம் முறையான வளர்ச்சித் திட்டமே இல்லாமல் ஓட்டிவிட்டு 2025 பிப்ரவரியில்தான் யார்க் ஒன்றை ஏற்றுக்கொண்டது. வீடு கிடைப்பது அரிது, வாங்குகிறவர் ஏராளம். 28 நாளில் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவர் என்றார்கள் கட்டிய கம்பெனிக்காரர்கள். பத்திர வேலை பார்க்கும் வக்கீலை, இங்கே சொலிசிட்டர் என்பார்கள், அவரையும் அவர்களே காட்டினார்கள். மரியாதையான மனிதர். தெருவைக் கவுன்சில் எப்போது எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

குறை சொல்லவே எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு வாழ்க்கை பற்றிய உங்கள் கட்டுரைகள் எப்போதுமே இப்படித்தான். இங்கே நர்ஸ் வேலைக்கு வருவது பற்றி முன்பு எழுதினீர்கள், சம்பளத்தைப் போட்டுவிட்டு விசா செலவை விட்டுவிட்டீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். வரவில்லை. அந்த இதழில் மூன்று பக்கம் பொங்கல் கோலம் வந்தது, அழகான கோலங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு மூலையில் நான்கு வரி போடுங்கள். சொந்தமாக சொலிசிட்டர் வையுங்கள். சாவி வாங்குமுன் குறை கண்டுபிடிக்கத் தனியாக ஓர் ஆளை அனுப்புங்கள், இங்கே ஸ்நாகிங் என்பார்கள் (நாங்கள் பின்னால் அனுப்பினோம், 94 குறை எழுதிக் கொடுத்தார்). தெரு யாருடையது, பராமரிப்புக் கட்டணம் ஏறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டை முன்கூட்டியே விசாரியுங்கள்.

கூடவே என் சந்தா முகவரியையும் மாற்றிவிடுங்கள். மூன்று முறை எழுதிவிட்டேன், இதழ் இன்னும் பழைய வாடகை வீட்டுக்கே போகிறது. அங்கே இருக்கும் போலந்துப் பெண்தான் எடுத்து வைத்துத் தருகிறார். புதுத் தெரு என்பதால் எங்கள் அஞ்சல் குறியீடு உங்கள் கணினியில் வராது. அதைக் கையால் எழுதி அனுப்பினாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யார்க், இங்கிலாந்து