பாப்பாவுக்கு, அந்த ஸ்கோர் கார்டு பற்றி

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற அந்த ஆம்கேட் பரீட்சையின் ஸ்கோர் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டதாம், நீ யாரிடமும் காட்டவில்லையாம், இப்போது வேளச்சேரியில் ஏதோ ஒரு பயிற்சி நிலையத்தில் 'வேலைக்கு நாங்கள் பொறுப்பு' என்று 45,000 ரூபாய் கேட்கிறார்களாம், வளையலை அடகு வைத்துத் தர முடியுமா என்று கேட்டாயாம். போனில் பேசினால் நான் குரலை உயர்த்திவிடுவேன், நீ அழ ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்மேல் கோபம் இல்லை. மூன்று வாரம் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாயே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோவில்பட்டியில் பதினேழு வருஷமாக இந்த பிரவுசிங் சென்டரை நடத்துகிறேன். "அண்ணே, ஒரு பிரிண்ட்" என்று பிள்ளைகள் கொண்டுவந்த ஸ்கோர் கார்டு எத்தனையோ என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் செய்வது ஒன்றுதான், மேலே இருக்கிற எண்ணைப் பார்ப்பார்கள், முகம் சுருங்கும், நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். விஷயம் இருப்பது அதற்குக் கீழேதான். நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லாஜிக்கில் உனக்கு 81 பெர்சென்டைல். அது நூற்றுக்கு 81 மார்க் என்று அர்த்தமில்லை, நூறு பேர் எழுதினால் 81 பேர் உனக்குப் பின்னால் என்று அர்த்தம். கணக்கில் 64. இங்கிலீஷ் 38. கோடிங்கில்தான் அடி. இதைப் போய் 'நான் எதுக்கும் லாயக்கு இல்லை' என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். உன் ஸ்கோர் கார்டில் அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை, தாயி.

இன்னொன்று. பாதிக்கு மேல் கேள்வி ஒன்றுமே புரியவில்லை, அப்போதே நம்பிக்கை போய்விட்டது என்றாயாம். அந்தப் பரீட்சையின் அமைப்பே அதுதான். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தப்பாகச் சொன்னால் லேசாக வரும், விட்டுவிட்டுத் திரும்பி வரவும் முடியாது. கேள்வி கடினமாகிக்கொண்டே போகிறது என்றால் நீ நன்றாக எழுதிக்கொண்டு இருக்கிறாய் என்று பொருள். அது தெரியாமல் அந்த இடத்தில் நீ பயந்து போயிருக்கிறாய்.

இப்போது கோடிங்குக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. பொங்கலுக்கு வந்தபோது மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கு போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? கொடுத்த எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாதிரி விடை சரியாக வந்தது, சிரித்தாய், சப்மிட் கொடுத்தாய், வேறு வேறு எண்களைக் கொடுத்து அது சோதித்துப் பார்க்கிற பத்து டெஸ்ட் கேஸில் மூன்று தோற்றது. அரை மணி நேரம் திட்டிக்கொண்டே தேடினாய். நான் படித்தது பிளஸ் டூவும் டிசிஏ என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோவும்தான், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நீயேதான் கண்டுபிடித்தாய். இதுவரை பார்த்ததில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ள 'மேக்ஸ்' என்று ஒன்றை வைத்து அதில் முதலில் பூஜ்யத்தைப் போட்டிருந்தாய். எல்லா எண்ணும் மைனஸில் இருந்தால், மைனஸ் 5, மைனஸ் 2, மைனஸ் 9 என்று வந்தால், பட்டியலிலேயே இல்லாத பூஜ்யத்தைப் பெரியது என்று சொல்லிவிடும். முதல் எண்ணையே அதில் போட்டு ஆரம்பித்தாய், பத்தும் பச்சை ஆனது. அந்த அரை மணி நேரத்தில் நீ கற்றதை எந்த 45,000 ரூபாய் வகுப்பும் உனக்குக் கொடுக்காது, ஏனென்றால் அங்கே விடையைப் போர்டில் எழுதிப் போடுவார்கள், நீ நோட்டில் எழுதிக்கொண்டு வருவாய்.

நீ மட்டும் இப்படி என்று நினைக்காதே. அப்போது ஆம்கேட்டை நடத்திய ஆஸ்பயரிங் மைண்ட்ஸ் என்ற கம்பெனி 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஐநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஐடி சம்பந்தப்பட்ட பிரிவுகளில் படித்த 36,000 பேருக்குக் கோடிங் பரீட்சை வைத்தார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களால் கம்பைல் ஆகிற அளவுக்குக்கூட, அதாவது பிழை காட்டாமல் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்கிற அளவுக்குக்கூட, எழுத முடியவில்லை. சரியாகவும் வேகமாக ஓடும்படியும் எழுதியவர்கள் 1.4 சதவீதம்தான். அந்தச் செய்தி வந்தபோது பிள்ளைகளைத்தான் எல்லோரும் ஏசினார்கள். நாலு வருஷம் லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுத வைத்து, வைவாவில் மனப்பாடத்தை ஒப்பிக்க வைத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

டிசிஎஸ் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க வைக்கிற என்கியூடி பரீட்சை எழுதப் போகிறாய் அல்லவா, அதிலும் பார், ஒரே பரீட்சைதான், ஆனால் நிஞ்சா என்கிற வேலைக்குப் போகிறாயா, அதைவிடச் சம்பளம் கூடுதலான டிஜிட்டலுக்குப் போகிறாயா என்பதை பெரும்பாலும் கோடிங் பகுதிதான் பிரிக்கிறது. உன் கணக்கும் லாஜிக்கும் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மிச்சம் இருப்பது தினமும் இரண்டு கோடிங் கணக்கு, பார்க்காமல், உன் கையால். அவ்வளவுதான். பாடம் வேண்டுமென்றால் ஐஐடிக்காரர்கள் நடத்துகிற என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கிறது, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம்.

இங்கிலீஷுக்கு ஒரு யோசனை. திரையில் வரும் வாக்கியத்தை வாசிக்கச் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி கம்ப்யூட்டரே மார்க் போடுகிற பரீட்சையும் சில கம்பெனிகள் வைக்கின்றன. பிஜி விடுதி ரூமில் நாலு பேரோடு இருந்துகொண்டு உன்னால் வாய்விட்டு வாசிக்க முடியாது, கூச்சப்படுவாய், எனக்குத் தெரியும். காலையில் மொட்டை மாடிக்குப் போய் பேப்பரில் ஒரு பத்தியை வாசித்து போனில் பதிவு செய்து நீயே கேட்டுப் பார். வேண்டுமானால் எனக்கு அனுப்பு, குறை சொல்ல எனக்குத் தெரியாது, கேட்க ஆசை.

அந்த நிலையத்துக்குப் பணம் கட்டாதே. வளையலுக்காகச் சொல்லவில்லை, உனக்கு அதில் பலன் உண்டு என்றால் வளையல் என்ன, சிஸ்டத்தையே விற்றுத் தருவேன். உன் பெரியம்மா பையனுக்கு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு கன்சல்டன்சியில் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷம் வேலை பார்த்ததாக ஒரு கடிதமும் தயார் செய்து கொடுத்தார்கள். வேலையும் கிடைத்தது. ஏழாவது மாசம் சரிபார்ப்பில் அது பொய் என்று தெரிந்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவன் அதைவிட எவ்வளவோ நல்ல பையன், பாப்பா. இன்றும் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுகிறான்.

பிஜியில் இந்த மாசத்தோடு கணக்கை முடித்துவிட்டு ஊருக்கு வா. இரண்டு மாசம் இருந்து படி. காலை ஐந்திலிருந்து எட்டரை வரை கடை உனக்குத்தான், எட்டரைக்குத்தான் ஷட்டரைத் தூக்குவேன். வீட்டிலிருந்தே எழுதுகிற பரீட்சை வந்தால் அன்றைக்கு முழு நாளும் கடையைத் திறக்க மாட்டேன், கரண்ட் போனாலும் யுபிஎஸ் இரண்டு மணி நேரம் நிற்கும், கேமராவுக்குப் பின்னால் யாரும் நடமாடாமல் நான் வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது மூன்றாம் நம்பர் கீபோர்டில் செமிகோலன் விழவே மாட்டேன் என்கிறது, இரண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாயே, இன்றைக்கு மதியம் புதுசு வாங்கி மாட்டிவிட்டேன். நானே பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன், பத்தும் விழுகிறது.

அன்புடன்,
அப்பா